மொட்டை மாடியின் வரலாறும் நம் முன் இருக்கும் மூன்று மதிப்பீடுகளும்



செயலாளர் அனுப்பிய சுற்றறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஏ, பி இரண்டு பிளாக்குகளின் மொட்டை மாடியையும் பழுது பார்க்க மூன்று மதிப்பீடுகள் வந்திருக்கின்றன. ஒன்று, பழைய தட்டோட்டின் மேலேயே புது ஓடு பதிப்பது. இரண்டாவது, இருக்கும் ஓட்டைக் கழுவி அதன் மேல் ரசாயனப் பூச்சு அடிப்பது. மூன்றாவது, பழைய தளத்தை கான்கிரீட் வரை பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. வரும் பொதுக்குழுவில் இதில் ஒன்றுக்குக் கை தூக்க வேண்டும். அதோடு தரைத்தளத்தில் இருப்பவர்களும் பங்கு கொடுக்க வேண்டுமா என்ற பழைய கேள்வியும் திரும்ப வந்திருக்கிறது.

நான் பொறியாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்க்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் எந்தக் கணக்கையும் தொடக்க இருப்பிலிருந்து பார்க்காவிட்டால் புரியாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நம் தலைக்கு மேல் இருக்கும் இந்தத் தளத்துக்கும் தொடக்க இருப்பு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் மூன்று மதிப்பீடுகளில் எது எதைச் செய்யும், எது செய்யாது என்பது தானே விளங்கும்.

சிமெண்டும் கம்பியும் வருவதற்கு முன்னால் நம் ஊரில் மாடி வீடு எப்படிக் கட்டினார்கள்? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் இன்னும் மிச்சமிருக்கும் பழைய வீடுகளுக்குள் போய் மேலே அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடும். அவற்றுக்கு நடுவே சின்னச் செங்கற்கள் கோணலாக, மூலைவாட்டில் அடுக்கியிருக்கும். இதற்குத்தான் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பே தனியாக ஒரு விதிநூல் வைத்திருக்கிறது; அதன் எண் ஐ.எஸ். 2119. ஊர்ப் பெயரை மாற்றினாலும் அந்த விதிநூலில் மெட்ராஸ் மெட்ராஸாகவே இருக்கிறது.

செய்முறையைச் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் மரக்கட்டைகளை நெருக்கமாகப் போடுவார்கள். அதன்மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள தளச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டவைத்துக்கொண்டே மூலையிலிருந்து கிளம்புவார்கள். கீழே பலகை, முட்டு எதுவும் கிடையாது. முதல் வரிசையை அடுத்த வரிசை பிடித்துக்கொள்ளும். இப்படி 3 அங்குலச் செங்கல் அடுக்கு முடிந்ததும் அதன்மேல் உடைத்த செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து இன்னொரு 3 அங்குலம் கொட்டுவார்கள். அதற்கும் மேலே தட்டோடு இரண்டு அல்லது மூன்று வரிசை. ஆக, மழைக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்று காவல்.

நடுவில் உள்ள அந்த ஜல்லித் தளத்தில்தான் சூட்சுமம் இருந்தது. கொட்டியதும் விட்டுவிட மாட்டார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டையான மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். ஒரே தாளத்தில் தட்ட வேண்டும் என்பதால் பாட்டும் கூடவே வரும். தட்டத் தட்ட உள்ளே இருக்கும் காற்றுப் பொந்துகள் அடைபடும். சுண்ணாம்புப் பால் மேலே எழும்பி வந்து நிற்கும். இடையிடையே கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். கட்டையால் அடித்தால் தடம் பதியாமல் எதிர்த்துத் தெறிக்க வேண்டும். அதுவரை தட்டு நிற்காது.

சுண்ணாம்பும் இன்று கடையில் வாங்கும் மாவு இல்லை. கடற்கரையிலும் காயலிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, நாள்பட ஊறவைத்து அரைத்தது. மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்குபோலப் பளபளத்ததை அந்தக் காலத்து ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான்.

சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் ஒரு குண வேற்றுமை உண்டு. இன்றைய முடிவுக்கு அது வேண்டியிருப்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சிமெண்ட் சில மணி நேரத்தில் இறுகும், ஒரு மாதத்தில் ஏறத்தாழ முழு பலத்துக்கு வரும், அதன் பிறகு வளையாது. வளைக்க நினைத்தால் விரியும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டு வருடக் கணக்கில் திரும்பக் கல்லாக மாறுகிறது. வெயிலில் தளம் விரியும்போதும் இரவில் சுருங்கும்போதும் அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மயிரிழை போன்ற விரிசல் விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அந்த இடத்தில் படிந்து ஓரளவு அடைத்துவிடும். செங்கல் ஜல்லிக்குள் காற்று இருப்பதால் கீழே அறைக்குச் சூடும் குறைவு. நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான கலவை அப்போது வேறு இல்லை.

எல்லாம் சரி, ஏன் விட்டார்கள்? மரம்தான் காரணம். சுவருக்குள் புதைந்த கட்டை முனையில் ஈரம் பட்டால் உளுத்துப்போகும். கரையான் ஏறினால் வெளியே தெரியாமல் உள்ளே காலியாகும். நல்ல தேக்கின் விலை ஏறிக்கொண்டே போனது. தட்டுவதற்கு அத்தனை ஆட்களும் அத்தனை நாட்களும் கிடைக்கவில்லை. அதே சமயம் சிமெண்ட் வந்து சேர்ந்தது.

சிமெண்ட் கதையிலும் சென்னைக்கு ஒரு பக்கம் உண்டு. 1904-ல் இங்கே ஒரு கம்பெனி கடற்சிப்பியிலிருந்து சிமெண்ட் செய்ய முயன்றது, நிலைக்கவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியதுதான் நின்றது. தமிழ்நாட்டில் 1934-ல் கோயம்புத்தூர் அருகே மதுக்கரை ஆலையும், 1949-ல் திருநெல்வேலி அருகே தாழையூத்து ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. மரத்தின் இடத்தைக் கம்பி பிடித்தது. கோணல் செங்கல்லின் இடத்தை கான்கிரீட் பிடித்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டைக்கும் செங்கல்லுக்கும் பதிலாக கான்கிரீட் வந்ததே தவிர, அதற்கு மேலே இருந்த ஜல்லிச் சுண்ணாம்பையும் தட்டோட்டையும் நம் கொத்தனார்கள் விடவில்லை. கான்கிரீட் கனமானது, பலமானது. ஆனால் தண்ணீர் இறங்காதது அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொதுப்பணித் துறையின் விவரக் குறிப்பைப் பார்த்தால் பழைய வாசனை அப்படியே இருக்கும். 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு பன்னிரண்டரை பங்கு சுத்தமான நீற்றிய சுண்ணாம்பு, மணல் கூடாது, பச்சையாக இருக்கும்போதே மரக்கட்டையால் தட்ட வேண்டும், தட்டும்போது சுண்ணாம்பும் வெல்லமும் கரைத்த தண்ணீர் தெளிக்க வேண்டும், சரியான வாட்டம் வைக்க வேண்டும் என்று வரும். அரசாங்கக் கோப்பில் வெல்லத்துக்கு இடம் கொடுத்த ஒரே வரி அதுவாகத்தான் இருக்கும்! அதற்கு மேல் 230 மில்லிமீட்டர் சதுரமும் 20 மில்லிமீட்டர் கனமும் உள்ள அழுத்திய ஓடு. அதைப் பதிக்கும் கலவையில் நீர்த்தடுப்புப் பொருள். மேஸ்திரிகள் இன்று 'வெதரிங் கோர்ஸ்' என்று சொல்வது இதைத்தான். உங்கள் படுக்கையறைக்கு மேலே இருப்பதும் இதுவே, அல்லது இதன் சிக்கன நகல்.

அந்தச் சிக்கனம் எப்படி வந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. நம் வயதுக்காரர்களுக்கு சிமெண்ட் பெர்மிட் ஞாபகம் இருக்கும். விலையும் வினியோகமும் அரசின் கையில் இருந்தன. சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் 1982 ஜனவரியில் ஒரு மாநிலத்து முதலமைச்சரே பதவி விலக நேர்ந்தது என்றால் அது எவ்வளவு அருமையான சரக்காக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே வருடம் பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989 மார்ச்சில் முழுவதும் போயிற்று. சென்னையில் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் வேகமும், சம்பளக்காரர்களுக்கு வீட்டுக் கடன் எளிதாகக் கிடைத்ததும் ஏறக்குறைய இதே காலம்தான். 1993-ல் முடிந்த நம் கட்டடமும் அந்த வேகத்தில் எழுந்ததே.

வேகம் என்றால் சுண்ணாம்புக்குப் பொறுமை கிடையாது என்று அர்த்தம். பல இடங்களில் ஜல்லியைச் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டில் கலந்து ஒரே நாளில் போட்டு முடித்தார்கள். சில இடங்களில் ஜல்லியே இல்லாமல் சிமெண்ட் கலவையில் வாட்டம் கொடுத்து ஓட்டைப் பதித்தார்கள். முதல் பத்து வருடம் வித்தியாசம் தெரியாது. அதன் பிறகுதான் ஓட்டின் இடுக்கு விரிவதும், மேல் மாடிக் கூரையில் வெள்ளை உப்புப் பூப்பதும், பெயிண்ட் பொரிவதும் ஆரம்பிக்கும்.

பாங்க்கில் வீட்டுக் கடன் கோப்புகள் ஏராளமாக என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. வில்லங்கச் சான்று இருக்கும், வக்கீல் கருத்து இருக்கும், மதிப்பீட்டாளர் அறிக்கை இருக்கும். மொட்டை மாடி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிய கோப்பை நான் பார்த்ததில்லை. இது வெறும் கவனக்குறைவு இல்லை. அடுக்குமாடி என்ற ஏற்பாட்டோடு கூடப் பிறந்த குறை. மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஒழுகினால் உரிமையாளர் தலையில்தான் சொட்டும். அதனால் பங்குனி சித்திரையில் அவரே மேலே ஏறிப் பார்ப்பார், வெள்ளையடிப்பார், வடிகுழாயைக் குத்திவிடுவார். அடுக்குமாடியிலோ 24 குடும்பங்களுக்கு ஒரு கூரை. சொட்டுவது மேல் மாடியில் இருக்கும் ஆறு பேர் தலையில் மட்டும். மீதி 18 பேருக்கு அது செய்தி, அவ்வளவுதான்.

பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நமக்குக் கிரயம் செய்து கொடுத்தது மனையில் பிரிக்கப்படாத பங்கு. வீட்டைப் பற்றிய விவரமெல்லாம் பெரும்பாலும் தனியான கட்டுமான ஒப்பந்தத்தில் இருந்தது. கூரை யாருக்கு என்று பல பத்திரங்களில் தெளிவாக இருக்காது. அந்த இடைவெளியில்தான், சில இடங்களில் கட்டியவரே மொட்டை மாடி உரிமையை வைத்துக்கொண்டதும், மேல் மாடி வாங்கியவருக்குத் தனியாக விற்றதும் நடந்தன. தமிழ்நாட்டில் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1994-ல் வந்தது. அதன் இடத்தில் 2022-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. நடுவில் 2016-ன் மத்திய ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 'ரெரா', பொதுப் பகுதி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது மொட்டை மாடியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நம் பத்திரத்தில் யாருக்கும் தனி மாடி உரிமை எழுதப்படவில்லை என்பதைச் செயலாளரும் நானும் உட்கார்ந்து சரிபார்த்துவிட்டோம். ஆகவே தரைத்தளத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே துணி உலர்த்தவும் பொங்கலுக்குப் பட்டம் விடவும் உங்களுக்கு உரிமை உண்டென்றால் அதன் பழுதிலும் பங்கு உண்டு. உங்கள் குளியலறைக் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டால் மேல் மாடிக்காரரும் பணம் கொடுக்கிறார் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. கூரையில் இறங்கும் தண்ணீர் மேல் மாடியோடு நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பியைத் தொட்டால் துரு ஏறும். துரு ஏறிய கம்பி இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருக்கும். பருத்தால் அடியிலுள்ள கான்கிரீட்டைச் சில்லு சில்லாகத் தள்ளிவிடும். கூரையிலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும் அந்தத் துரு பயணம் செய்தால் தரைத்தளத்து வீட்டின் விற்பனை மதிப்பும் சேர்ந்துதான் இறங்கும். பி பிளாக் படிக்கட்டின் மேல் கூரையில் இரண்டு இடங்களில் கம்பி வெளியே தெரிகிறது. அதன்மேல் சும்மா சிமெண்ட் பூசி மறைப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி. துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்பு பூசி, அதற்குரிய கலவையால் அடைக்க வேண்டும். எந்த மதிப்பீட்டை எடுத்தாலும் இது தனி வரியாக அதில் இருக்க வேண்டும். இப்போது மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது.

தண்ணீரின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் ஒரு பிளாக்கின் மாடி 5,000 சதுர அடி, அதாவது 464 சதுர மீட்டர் சொச்சம். ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 46,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட நான்கு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி நம் மாடியில் பெய்திருந்தால் இரண்டேகால் லட்சம் லிட்டருக்கு மேல். இவ்வளவும் ஒரு பிளாக்குக்கு நான்கு வடிகுழாய் வழியாக இறங்கியாக வேண்டும். 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அந்தக் குழாய்களை நாம் கிணற்றுக்குத் திருப்பினோம். நல்ல காரியம், 2019 கோடையில் அதன் அருமை தெரிந்தது. ஆனால் அப்போது குழாய் வாயில் மாட்டிய வலையில் சருகு அடைவதால் தண்ணீர் மாடியிலேயே தேங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு நாள் குளம் கட்டி நின்றால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

இனி மூன்று மதிப்பீடுகள்.

பழைய ஓட்டின் மேல் புது ஓடு என்பது கேட்க எளிது, விலையும் நடுவாந்திரம். எடையைப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் ஓடும் அதைப் பதிக்கும் அதே அளவு கலவையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 கிலோ. ஒரு பிளாக்குக்கு 37 டன். ஒரு சின்ன கார் சுமார் ஒரு டன் என்று வைத்துக்கொண்டால் 37 கார்களை மாடியில் நிரந்தரமாக நிறுத்துவதற்குச் சமம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, மேலே வந்துபோகும் சுமையாக விதிநூல் எடுத்துக்கொள்ளச் சொல்லும் அளவே சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். அதில் பாதிக்கு மேல் இந்த ஓடே தின்றுவிடும். முப்பது வயது தாண்டிய, கம்பி துரு ஏறத் தொடங்கிய தளத்துக்கு இது வேண்டாம். அதோடு கீழே ஊறிப் போயிருக்கும் ஜல்லி அப்படியே ஊறித்தான் இருக்கும். ஈரத்தை மேலே மூடி போட்டு அடைத்தால் அது கீழே நம் கூரை வழியாகத்தான் வெளியே வரும்.

ரசாயனப் பூச்சு லேசானது, சீக்கிரம் முடியும், வெள்ளை நிறத்தில் அடித்தால் மேல் மாடிக்குச் சூடும் குறையும். கோடையில் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த நம் தாத்தாமார்கள் செய்ததும் அதுதானே. ஆனால் அதற்குக் கீழே உள்ள தளம் உலர்ந்து, கெட்டியாக, வாட்டத்தோடு இருக்க வேண்டும். ஓட்டைத் தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் வரும் இடத்திலெல்லாம் பூச்சு வீண். வெயில் தொடர்ந்து படுவதால் சில வருடங்களுக்கொருமுறை திரும்ப அடிக்கவும் வேண்டும். டப்பாவின் மேல் போட்டிருக்கும் வாரண்டி சரக்குக்கா, வேலைக்கா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சரக்குக்கு மட்டும்தான் இருக்கும்.

பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடுவது அதிகச் செலவு, அதிகத் தூசி, மேல் மாடிக்காரர்களுக்கு ஒரு மாதத் தலைவலி. ஆனால் கான்கிரீட் நிலைமையைக் கண்ணால் பார்க்க வேறு வழி இல்லை. விரிசலை அடைத்து, கான்கிரீட்டின் மேலேயே நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, ஜல்லிச் சுண்ணாம்பை முறைப்படி தட்டி, ஓடு பதித்தால் இன்னொரு தலைமுறைக்குக் கவலை இல்லை. பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போடுவதால் எடையும் கூடாது.

என் யோசனை இது. பி பிளாக்கில் ஒழுகல் அதிகம். அதைப் பெயர்த்துச் செய்துவிடலாம். ஏ பிளாக்கில் ஓடு இன்னும் கெட்டியாக இருக்கிறது. இடுக்குகளைக் கீறி அடைத்து, கைப்பிடிச் சுவர் ஓரத்தைச் சரிசெய்து, பூச்சு அடித்து நான்கைந்து வருடம் ஓட்டலாம். அதற்குள் மாதாமாதம் ஒதுக்கி நிதி சேர்த்துக்கொள்ளலாம். வியாபாரத்தில் இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம். நம் கணக்கில் கூரைக்கு 30 வருடமாக ஒரு ரூபாய் கூட எழுதவில்லை. இப்போது ஒரே தவணையில் இவ்வளவா என்று மலைப்பது அதனால்தான். என் யோசனையைப் பொதுக்குழு மறுக்கலாம். முதல் மதிப்பீட்டை மட்டும் குறைந்த விலை என்று ஏற்றுவிடாதீர்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சிலர் கேட்டார்கள். குறைந்துவிட்டார்கள், ஆனால் இல்லாமல் போகவில்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது நினைவிருக்கும். பொதுப்பணித் துறை பிறகு அதைச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், மெட்ராஸ் டெரஸ் என்று பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. 1768-ல் ஆற்காடு நவாபுக்காகக் கட்டிய அரண்மனைக்குச் செய்யக்கூடியதை நம் 5,000 சதுர அடிக்குச் செய்ய முடியாதா? ஒப்பந்தத்தில் கலவை விகிதத்தையும், தட்ட வேண்டும் என்பதையும், ஈரம் காக்கும் நாட்களையும் எழுத்தில் போட வேண்டும். 'வழக்கம்போல்' என்ற வார்த்தை இருந்தால் கையெழுத்துப் போடக்கூடாது.

நேரமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். சுண்ணாம்புத் தளம் இறுகப் பல வாரம் வேண்டும். ஆகவே பெயர்க்கும் வேலை மாசியில் ஆரம்பித்து வைகாசிக்குள் முடிவதே நல்லது. செப்டம்பரில் பெயர்த்துப் போட்டு மழையில் மாட்டிக்கொண்ட கட்டடங்களை அக்கம்பக்கத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த மழைக்காலத்துக்கு வடிகுழாய் சுத்தமும், விரிசலுக்குத் தற்காலிக அடைப்பும் போதும்.

வீட்டளவில் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. கூரையில் ஈரம் சித்திரை வெயிலிலும் காயவில்லை என்றால் அது மழைத் தண்ணீர் இல்லை. மேலே உள்ள தொட்டியோ குழாயோ கசிகிறது, மாடியை உடைக்க வேண்டாம். ஈரம் சுவரும் கூரையும் சேரும் மூலையில் மட்டும் இருந்தால் கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் இருக்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிவதால் அந்த இடம் எப்போதும் பலவீனம். சந்தேகமிருந்தால் வடிகுழாயை அடைத்து இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் கீழே பார்த்திருப்பதுதான் நம்பகமான சோதனை. புது வேலை முடிந்ததும் இந்தச் சோதனை செய்யாமல் கடைசித் தவணையைக் கொடுக்கக் கூடாது. கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றைக் கிள்ளிப் போட்டால் மறுபடி தழைக்கும்; வேரோடு எடுத்து அந்தத் துளையை அடைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்காக வேறு இடத்தில் பழைய ஃபிளாட் பார்க்கிறவர்களுக்கும் இது உதவும். மேல் மாடி வீடு மலிவாகக் கிடைத்தால் கூரையில் மட்டும் புதுப் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கார்த்திகை மாதத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாடிச் சாவியைக் கேட்டு வாங்கி மேலே ஏறி, ஓட்டின் மேல் ஓடு பதித்திருக்கிறார்களா என்று படிக்கட்டு வாசற்படியின் உயரத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். வாசற்படி மாடித் தளத்துக்குச் சமமாகவோ கீழாகவோ இருந்தால் ஒரு அடுக்கு ஏறியிருக்கிறது. சங்கத்தின் வரவு செலவுக் கணக்கில் பழுது நிதி எவ்வளவு என்று கேளுங்கள். புதுக் கட்டடமானால், வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிந்தால், எழுத்தில் தெரிவித்த 30 நாளுக்குள் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா சட்டம். நாலே முக்கால் வருடம் கழித்து விழித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் படத்தோடு கடிதம் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். 2024-ல் மத்திய அரசு அறிவித்த சூரிய மின்தகடு மானியத் திட்டத்தைப் பற்றி நான்கைந்து பேர் கேட்டிருந்தார்கள். தகடு பதிக்க மாடியில் தூண் நிறுத்த வேண்டும். தூணுக்கு ஓட்டைத் துளைக்க வேண்டும். பழுது வேலை முடிவதற்கு முன்னால் யாரும் தனியாகத் துளைக்க வேண்டாம். டிஷ் ஆன்டெனாவுக்கும் ஏ.சி. வெளிப்பெட்டிக்கும் ஏற்கெனவே போட்ட துளைகளைச் செயலாளர் வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்கிறார். பி பிளாக்கில் மட்டும் 31 இருக்கின்றன. உங்களுடையது விட்டுப்போயிருந்தால் பொதுக்குழுவுக்கு முன்னால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.